நானூற்று இருபத்தொன்பது கோடி மில்லிலிட்டர்

1

இந்தக் கதை பிறந்தது ஒரு வசவிலிருந்து. அடையாறு டீக்கடையில், ஐ.டி. வேலை பார்க்கும் ஃபிசா என்னைப் பிடித்துக் கேட்டாள்: "உங்க கதையில ஐ.டி.காரங்க லேப்டாப்பைத் திறக்குறாங்க, பெருமூச்சு விடுறாங்க, மூடிடுறாங்க. ஒருத்தராவது வேலை செய்றாங்களா சார்?"

சரி. செய்ய வைக்கிறேன்.

2

வேளச்சேரியில் மழை பிடித்துக்கொண்டது. ஃபிசா ஜன்னலோரம்—

(வேண்டாம். அடுத்தது பெருமூச்சுதான்.)

ஃபிசாவின் கம்பெனி மருத்துவமனைகளுக்கு ட்ரிப்ஸ் பம்ப் தயாரிக்கிறது. அதற்குள் ஓடும் கெர்னலில், அதாவது இயந்திரத்தின் அடிமட்ட நிரலில், ஒரு கோப்பு பாட்டிலில் மீதமுள்ள மருந்தை அளந்து சொல்லும். சென்சார் கழன்றுவிட்டால் 'மைனஸ் ஒன்று' என்னும். 'தெரியவில்லை' என்று அர்த்தம். அதை வாங்கிக்கொள்ளும் கோப்புக்கோ பூஜ்யத்துக்குக் கீழே எண்களே கிடையாது. அதன் கைக்குப் போனதும் மைனஸ் ஒன்று 429,49,67,295 ஆகிவிடும். அத்தனை மில்லி மீதி என்று நம்புவதால், பாட்டில் காலியானாலும் அலாரம் அடிக்காது.

இப்படி அறுபத்தோரு இடங்கள்.

3

பத்ரிநாராயணன், அந்தக் கம்பெனியின் சீஃப் ஆர்க்கிடெக்ட், மயிலாப்பூர். தான் எழுதிய நிரலைப் பற்றிப் பேசும்போது சன்னிதியில் நிற்பவர்போலக் குரலைத் தாழ்த்துவார்.

"பத்து வருஷமா ஓடிண்டிருக்கு. கம்பைலர் கத்தித்துன்னா ஒரு டைப்காஸ்ட் போட்டு வாயை அடைம்மா. எல்லாரும் அதானே பண்றோம்?"

(டைப்காஸ்ட்: ஒரு வகை எண்ணை இன்னொரு வகை என்று, நிரலைச் சரிபார்த்து இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரிடம் பொய்ச்சத்தியம் செய்வது. அந்தக் குழுவில் எச்சரிக்கை வந்தால் யாரும் விசாரிப்பதில்லை. சத்தியம் செய்துவிட்டுச் சாப்பிடப் போவார்கள். அறுபத்தொன்றும் அப்படி வந்தவை.)

"அறுபத்தோரு இடத்தையும் ஒரே டைப்பா மாத்தி, திருத்தத்தை ஒரு பேட்ச்சா அனுப்பிட்டேன் சார். மைனஸ் வந்தா இனிமே அலாரம் அடிக்கும்."

"வெள்ளிக்கிழமை ரிலீஸ். பேட்சை வாபஸ் வாங்கு. இல்லேன்னா வேற டீமுக்குப் போ."

"டீமை மாத்துங்க சார். பேட்ச் அங்கயேதான் இருக்கும்," என்றாள் ஃபிசா.

(மேலே பாருங்கள்: அவர் 'தாழ்த்துவார்', இவள் 'என்றாள்'. என் கோப்பிலும் வகை முரண். டைப்காஸ்ட் போட்டு மழுப்பப் போவதில்லை. இனி எல்லோருக்கும் 'ஆர்'.)

4

மறுநாள் காலை, சோதனைக்கூடம். பம்ப் வாங்க வந்த மருத்துவமனைக்காரர்களுக்குப் பத்ரி பழைய நிரலை ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். 'பாரம்பரியம்' என்ற சொல் மூன்றாம் முறை வந்தபோது ஃபிசா எழுந்தார். காலி பாட்டிலை மாட்டினார். சென்சார் வயரைப் பிடுங்கினார்.

டெக்னீஷியன் அசோகன் திரையை உரக்கப் படித்தார்: "இன்னா சார் இது, நானூத்தி இருபத்தொம்போது கோடி மில்லி மீதி கீதாம்! முந்நூத்தம்பது தண்ணி லாரி சார்!"

"டிஸ்ப்ளே இஷ்யூ," என்றார் பத்ரி. இம்முறை குரலைத் தாழ்த்தவில்லை.

வந்தவர்களில் ஒரு நர்ஸ் மட்டும் சிரிக்காமல் கேட்டார்: "அலாரம் ஏன் சார் அடிக்கல?"

5

முடிவு ஒன்று: பத்ரி திருந்துகிறார். (அடித்துவிட்டேன். சீஃப் ஆர்க்கிடெக்ட் திருந்தி நான் பார்த்ததில்லை.)

முடிவு இரண்டு: ஃபிசா ராஜினாமா செய்துவிட்டுப் பாலவாக்கம் கடற்கரையில் நின்று பெரு—

(என்னை உதைப்பார்.)

இதை நான் எழுதும்போது ஃபிசா வேறு டீமில் உட்கார்ந்திருக்கிறார். பேட்ச் வாபஸாகவில்லை. ஒப்புதல் பொத்தானை அமுக்கும் உரிமை பத்ரிக்கு மட்டும். அவர் அமுக்கினாரா என்று நான் எழுத மாட்டேன், நீங்களே தீர்மானியுங்கள். அவசரமில்லை, படுத்துக்கொண்டே யோசிக்கலாம். கையில் ஊசி இருக்கிறது, ஆட்டாதீர்கள். தலைக்கு மேல் பாட்டில் தொங்குகிறது. எவ்வளவு மீதி என்று திரையைக் கேட்காதீர்கள். நிமிர்ந்து பாட்டிலைப் பாருங்கள்.