உடையும் பார்சல்

மணி மூன்றேமுக்கால். ஐந்துக்கு மருத்துவமனையில் அவன் மனைவியின் கண்கட்டை அவிழ்க்கிறார்கள். "அவிழ்க்கிறப்ப எதிர்ல நீங்கதான் நிக்கணும்" என்று சொல்லியிருந்தாள். பதினைந்து வருடம் பார்த்துச் சலித்த முகத்தை ஒருத்தி மறுபடி கேட்கிறாள் என்றால், அதைவிடப் பெரிய பாராட்டு கிடைக்குமா? ஆனால் கணினித் திரையில், அவன் எழுதிய நிரலைச் சரிபார்க்கும் சோதனை ஒன்று சிவப்பாக முறைத்துக்கொண்டிருந்தது. சோதனையை உடைத்தவர் சரிசெய்யாமல் எழக்கூடாது என்பது அந்த அலுவலகத்துச் சட்டம்.

காரியம் சின்னதுதான். நிரலில் 'பார்சல்' என்று ஒரு தாய் கிளாஸ், அதாவது வகை. அதன் குணங்களை வாங்கிக்கொண்ட பிள்ளை 'உடையும் பார்சல்'. இரண்டையும் தொடாமல் வெளியிலிருந்து ஒட்டவைக்கும் எக்ஸ்டென்ஷன் மெத்தட் என்ற குட்டி நிரல்துண்டு ஒன்றை அவன் எழுதியிருந்தான். லேபிள் கேட்டால் 'கவனம், கண்ணாடி' என்று அது சொல்ல வேண்டும். நேற்றுவரை சொன்னது. மதியம் அதில் ஒரு வரியைத் திருத்தினான். 'பார்சல்' என்று மட்டும் வந்தது. பழையபடி மாற்றினான். 'பார்சல்'. அழித்து எழுதினான். 'பார்சல்'. கடைசியில் ஆத்திரத்தில் 'நாசமாய்ப் போ' என்று மட்டும் பதில் சொல்லும்படி மெத்தடை எழுதி ஓட்டினான். அதற்கும் அசராமல் 'பார்சல்'. செவிடன் காதில் ஊதிய சங்காவது ஊதியவனுக்குக் கேட்கும்.

பக்கத்து நாற்காலியில், அதே அலுவலகத்தில் வேலை பார்க்கும் மனைவியின் தம்பி பையை மாட்டிக்கொண்டு தயாராக இருந்தான்.

"நீங்க இருந்து முடிங்க அத்தான். அக்கா எதிர்ல நான் நிக்கறேன்."

"உன் மூஞ்சியப் பார்க்கவா அவ ஆபரேஷன் பண்ணிக்கிட்டா?"

"உங்களப் பார்த்துட்டு, மறுபடி கட்டிவிடுங்கன்னு சொல்லிட்டா?"

தான் எழுதியது ஓடவே இல்லை என்பது நாலேகாலுக்குத்தான் அவனுக்கு உறைத்தது. அப்படியானால் பதில் சொல்வது யார்? தாய் கிளாஸைத் திறந்தான். அங்கே அதே பெயரில் ஒரு மெத்தட், இன்று காலை பிறந்தது. வீட்டுக்குள்ளேயே ஆள் இருக்கும்போது வாசலில் நின்று கூவுகிறவனை, நிரலை வாசித்து ஓட்டத் தயாராக்கும் கம்பைலர் ஏறெடுத்தும் பார்க்காது. பார்க்கவில்லை என்று சொல்லியும் தொலைக்காது.

"மாப்ளே, காலையில பார்சல்ல கை வெச்சியா?"

"சின்ன மெத்தட்தான் அத்தான். எல்லாப் பிள்ளைக்கும் உதவுமேன்னு..."

"சோதனை ஓட்டிப் பார்த்தியா?"

மைத்துனன் பையைக் கழற்றிவைத்துவிட்டு விசைப்பலகையை இழுத்துக்கொண்டான்.

"மதியத்திலேர்ந்து என்னை நானே திட்டிக்கிட்டிருக்கேன்டா. அத்தனையும் உனக்கு வரவேண்டியது."

"அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"முதல்ல அவ என்னைப் பார்க்கட்டும். அப்புறம் சொல்றேன்" என்றபடி, லிஃப்டுக்குக் காத்திராமல் அவன் படிகளில் இறங்கி ஓடினான்.