பதினோரு மணிக்குப் பேசும் கணினி

பிடோக் வட்டாரத்தில் அந்த அடுக்குமாடி புளோக்கின் நான்காம் மாடியில், சுசீலா வீட்டில் பேய் இருக்கிறது என்று முதலில் சொன்னவள் எதிர்வீட்டு ரத்தினம்மா. சும்மா சொல்லவில்லை. தினமும் காலை பதினோரு மணிக்கு அந்த வீட்டிலிருந்து ஓர் ஆண்குரல், "சுசீ, மாத்திரை போட்டுட்டியா?" என்று கேட்கும். குரலுக்குரிய, சுசீலாவின் கணவர் அண்ணாதுரையை மண்டாய் மயானத்தில் தகனம் செய்து எட்டு மாதமாகிறது.

மனிதர் உயிரோடிருந்தபோது தம் கணினியில் பதிந்து, மணி குறித்து வைத்ததுதான் அது. சுசீலாவுக்கும் தெரியும். தெரிந்தும் பத்தேமுக்காலுக்கே முகம் கழுவிப் பொட்டு வைத்து அதன் எதிரில் உட்கார்ந்துவிடுவாள்.

கணினி கிழடு. அதிலிருந்த விண்டோஸுக்கோ பாதுகாப்புப் புதுப்பிப்பும் நின்றுபோயிற்று. ஒருநாள் பதினோரு மணிக்கு, "சுசீ, மா… மா… மா…" என்று சிக்கிக்கொண்டு அரைமணி நேரம் அரற்றியது. ரத்தினம்மா தேக்கா சந்தைக்கே போய்க் கற்பூரம் வாங்கிவந்து தன் வாசலில் ஏற்றினாள்.

சமூக மன்றத்தில் முதியவர்களுக்குக் கணினி சொல்லித்தரும் பக்கத்துவீட்டு ஷமீமா, ஒரு தம்ப் டிரைவோடு வந்தாள். விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய உபுண்டு, மின்ட் இரண்டும் இலவசம்; நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம் என்றாள்.

"சும்மா குடுக்கிறதுல சூனியம் இருக்கும் லா," என்றாள் கதவோரம் நின்ற ரத்தினம்மா.

உபுண்டுவில் செயலிகளின் சின்னப் படங்கள் இடப்பக்கம் வரிசைகட்டி நின்றன. சுசீலாவின் கை கீழ்மூலைக்கே போய்த் தடுமாறியது. மின்ட்டில் மெனு பழைய இடத்திலேயே இருந்தது. ஆனால் அவள் இரண்டிடமும் கேட்டது ஒன்றுதான்: அவர் இதில் பேசுவாரா?

குரல் ஒரு கோப்புதான், அதைக் காப்பாற்றிவிடலாம். மணியை மட்டும் புதிதாகக் குறிக்கவேண்டும் என்றாள் ஷமீமா. சுசீலா மின்ட்டைக் காட்டினாள். குரலை நகலெடுத்துவைத்துப் பழைய விண்டோஸை அழித்தார்கள். ஒரு மணி நேரத்தில் பச்சை இலைபோல் ஒரு திரை வந்தது.

"எத்தனை மணிக்கு வைக்கட்டும், அக்கா?"

சுசீலா ஷமீமாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வைக்காதே. நான் வச்சா, அவரு கூப்பிட்டதா ஆகுமா?"

மறுநாள் பதினோரு மணிக்கு மாடியே காது கொடுத்தது. ஒன்றுமில்லை. ரத்தினம்மா ஏமாந்து திரும்புமுன், உள்ளிருந்து சுசீலாவின் குரல் நிதானமாக வந்தது.

"போட்டுட்டேங்க."

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். கேள்வியில்லாமல் பதில் மட்டும். ரத்தினம்மா இப்போது பத்தரைக்கே கதவைச் சாத்திக்கொள்கிறாள்.