மேப்பிள் வரிசையின் முடிவில் ஒரு கெபி

நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியிருக்கும் அஹுன்ட்சிக்கில், எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில், ஆற்றோரமாக, ஒரு பூங்கா இருக்கிறது. இரண்டு வரிசை மேப்பிள் மரங்கள் நேராகப் போய் வெறும் புல்லில் முடியும். அங்கே முன்பு ஒரு பெரிய வீடு இருந்ததாம். மிச்சம் ஒரு கல்சுவரும் அதில் வளைந்த மாடம் ஒன்றும்தான்.

என் மனைவி றோசா மன்னார்க்காரி. மாடத்தைக் கண்ட அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"இது கன்னியாஸ்திரிமார் இருந்த இடம். இதுதான் அவையின்ர மாதா கெபி. சுரூபத்தை மட்டும் எடுத்துப்போட்டினம்."

"நேரில கண்டவள் மாதிரியெல்லோ கதைக்கிறாய்," என்றேன். எங்கள் சனத்துக்குக் கல்லில் குகைமாதிரி ஒரு குழி தெரிந்தால் போதும், கெபி என்று சொல்லி மாதாவைக் குடியிருத்திவிடும்.

2008இல் ஊரில் சண்டை மடு மாதா கோயில் பக்கம் நெருங்கியபோது, அங்கே இருந்த அவளுடைய தம்பி டெனிஸ்டனின் தொலைபேசி நின்றுபோனது. அவன் குரலைக் கேட்கும்வரை சனிக்கிழமைதோறும் மெழுகுதிரி கொளுத்துவதாக றோசா அந்த மாடத்தின் முன் நேர்த்தி வைத்தாள். நானும் துணைக்குப் போவேன். ஆனால் வாய் சும்மா இருக்காது.

"இஞ்சத்த மாதாவுக்குத் தமிழ் விளங்குமோ எண்டு முதல்ல கேள்," என்பேன்.

ஆகஸ்டில் அங்கே ஒரு வரலாற்றுப் பலகை நட்டார்கள். பிரெஞ்சில் இருந்ததை நான்தான் அவளுக்கு வாசித்துச் சொன்னேன். மா அரைக்கும் ஆலை முதலாளி ஒருவர் கோடைக்கென்று கட்டிய வீடு அது. பிள்ளைகள் விற்றார்கள். வாங்கியவர் அடுக்குமாடி எழுப்புவதற்காக அறுபதுகளில் அதை இடித்துத் தள்ளினார். மரங்களில் கைவைக்க விடமாட்டோம் என்று அயலவர்கள் மல்லுக்கு நின்றதால் நிலம் பூங்காவாகத் தப்பியது. கன்னியாஸ்திரிகள் அங்கே ஒருநாளும் இருக்கவில்லை. மிஞ்சிய சுவர் குதிரை லாயத்தினுடையது. மாடம் குதிரைக்குத் தீவனம் போட்ட இடம்.

இவ்வளவு நாளும் குதிரைக்கா மெழுகுதிரி கொளுத்தினோம் என்று கேட்க வாயெடுத்தேன். றோசாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது.

"அப்ப என்ர நேர்த்தி செல்லாதோ?" என்றாள். தம்பியின் சாவுச் செய்தியைக் கேட்டவள்போல நின்றாள். எனக்குப் பயமாக இருந்தது.

"விசர்க்கதை கதையாதை. மாதா பிள்ளையைப் பெத்து எங்க கிடத்தினவ? தீவனத் தொட்டியிலதானே?"

"பகிடி விடுறியளோ?"

"இல்லையப்பா. மெய்யாத்தான் சொல்லுறன்."

அவள் மெழுகுதிரியை மாடத்தில் வைத்தாள். அவளிடமிருந்து நெருப்புக்குச்சியை வாங்கி நானே கொளுத்தினேன்.

டெனிஸ்டனிடமிருந்து இன்னும் அழைப்பு வரவில்லை. அடுத்த சனிக்கிழமை றோசாவுக்கு வேலை. மெழுகுதிரியோடு நான் தனியாகப் போனேன். சுற்றிலும் யாராவது பார்க்கிறார்களா என்றுகூடத் திரும்பிப் பார்க்காமல், அந்த லாயத்தின் முன் முழந்தாளிட்டேன்.