குகை கண்ட கோமான்

மொன்றியலில் ஒரு தமிழர் எதையாவது பார்த்துவிட்டு வந்தால் அவருக்குப் பொன்னாடை போர்த்தாமல் விடுவது கோட்-டெ-நேஜ் தமிழ் மூத்தோர் கழகத்தின் வழக்கமல்ல. தலைவர் செபஸ்தியாம்பிள்ளையே விமான யன்னலால் பனிமலையைப் பார்த்த ஒரே காரணத்துக்காக ‘இமயம் கண்ட ஏந்தல்’ ஆனவர். ஆகவே, பிரான்சின் தோர்தோன் ஆற்றுப் பள்ளத்தாக்கைச் சுற்றிவிட்டு வந்த கிருபானந்தனுக்கு அந்த நவம்பர் ஞாயிறு பின்னேரம் ‘குகை கண்ட கோமான்’ என்று பட்டம் கொடுக்கப்போவதில் யாருக்கும் வியப்பில்லை. பட்டத்தைப் பொறித்த மரப்பலகை மேடையில் தயாராக இருந்தது.

ஒரேயொரு சிக்கல். கோமான் குகையைக் காணவில்லை.

இது இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் கிருபானந்தன். மற்றவர், மண்டபத்தின் கடைசியில் தேநீர் மேசைக்குப் பின்னால் நின்று வடையை எண்ணெய் ஒற்றி அடுக்கிக்கொண்டிருந்த அவருடைய மனைவி புஷ்பராணி.

பாரிஸில் இருக்கும் மகள்தான் அந்த பஸ் சுற்றுலாவை ஒழுங்குசெய்து கொடுத்தாள். முதல் இரண்டு நாளும் கிருபானந்தனுக்கு ராச வாழ்க்கை. ஆறு வளையும் இடமெல்லாம் ஒரு கோட்டை. மலையோடு ஒட்டிய தேன்நிறக் கல்வீடுகள். எண்ணூறு வருடத்துத் தெருக்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாங்க வந்தவர் போல ஒவ்வொரு கிராமத்தையும் பார்வையிட்டார். மூன்றாம் நாள் குகை. ஆதிமனிதர் கீறிய படங்கள். பத்துப் பத்துப் பேராகத்தான் விடுவார்கள். இரும்புக் கதவு திறந்தது. உள்ளே தோள் உரசும் அளவுக்கு ஒரு வழி, அதற்கப்பால் இருட்டு.

கிருபானந்தனின் கால் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. எண்பத்தேழில் ஊரில் சண்டை நடந்தபோது, கொக்குவிலில் குண்டுக்குத் தப்பப் பதினொரு பேரோடு ஒரு பங்கர் குழிக்குள் இரண்டு நாள் கிடந்தவர். அதற்குப் பிறகு நிலத்துக்குக் கீழே போகிற எதுவும் அவருக்குச் சரிவரவில்லை. மொன்றியலுக்கு வந்து முப்பது வருடத்தில் ஒருநாளும் மெட்ரோவில் ஏறியதில்லை. வீடிருக்கும் லாசாலிலிருந்து எங்கே போவதென்றாலும் இரண்டு பஸ். ஏன் என்று கேட்பவர்களுக்குப் புஷ்பராணிதான் முந்திக்கொண்டு சொல்வார்: “இவருக்கு ஊரைப் பாத்துக்கொண்டு போகவேணும்.”

குகை வாசலிலும் அவர்தான் முந்திக்கொண்டார். வழிகாட்டிப் பெண்ணிடம் முதுகுவலி என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு இவர் பக்கம் திரும்பினார். “நீங்கள் வெளியிலை இருங்கோ. நான் பாத்திட்டு வந்து சொல்லுறன்.”

சொல்லத்தான் விடவில்லை. வெளியே மர வாங்கில் அமர்ந்திருந்த முக்கால் மணி நேரத்தில் கிருபானந்தன் பத்து யூரோவுக்கு ஒரு குகைப் புத்தகம் வாங்கிக் கரைத்துக் குடித்திருந்தார். புஷ்பராணி ஈரக் கண்ணோடு வெளியே வந்து வாயைத் திறக்குமுன் இவர் தொடங்கிவிட்டார். “இப்ப நீர் பாத்தது பதினாலாயிரம் வருசத்துக்கு முந்தினது, தெரியுமோ?” கண்டவருக்குக் காணாதவர் விளக்கம் கொடுத்தது ஹோட்டல் வரும்வரை நீண்டது. புஷ்பராணி ஓம், ஓம் என்றபடி வந்தார்.

இப்போது மேடையில் அதே புத்தகம் அரைமணி நேரமாகப் பேசிக்கொண்டிருந்தது. திரையில் முப்பத்தொரு படங்கள். எல்லாவற்றிலும் கிருபானந்தன் முன்னால் நின்று ஒரு கோட்டையை மறைத்துக்கொண்டிருந்தார். குகைக்குள் படமெடுக்கத் தடை என்பதை மூன்று தடவை சொன்னார். முன்வரிசையில் இரண்டு பேர் கண்ணை மூடி ரசித்தார்கள். ஒருவரின் ரசனை குறட்டையாகக் கேட்டது.

“கேள்வியள் இருந்தால் கேக்கலாம்,” என்றார் தலைவர், யாரும் கேட்கமாட்டார்கள் என்ற துணிவில்.

எமிலியானுஸ் கையை உயர்த்தினார். இருபத்தைந்து வருடம் உணவகச் சமையல்காரர். எதையும் மூக்கால் விசாரிக்கிறவர். “அண்ணை, உள்ளுக்கை என்ன மணம்?”

புத்தகத்தில் குளிர் இருந்தது, நீளம் இருந்தது, வருடம் இருந்தது. மணம் இல்லை.

“மணம்... அது ஒரு வரலாற்று மணம்.”

“வரலாறு எப்பிடி அண்ணை மணக்கும்?”

மண்டபம் சிரித்தது. தூங்கியவர்களும் எழும்பிச் சிரித்தார்கள். அப்போது தேநீர் மேசைப் பக்கமிருந்து குரல் வந்தது. “மழைக்குப் பேந்து பழைய கிணத்துக்கட்டு மணக்குமே, அப்பிடித் தம்பி. இவருக்கு அண்டைக்குத் தடிமன். மூக்கடைச்சுப்போச்சு.”

எமிலியானுஸ் திருப்தியாகத் தலையாட்டினார். தலைவர் பொன்னாடையை உதறி விரித்தார். இனி இரண்டு நிமிடம் குனிந்து நின்றால் போதும், கோமான் ஆகிவிடலாம். கிருபானந்தன் மேசைப் பக்கம் பார்த்தார். புஷ்பராணி ஒன்றும் நடக்காதது போல மறுபடி வடை அடுக்கினார். ஊர் பார்க்கும் ஆசை, முதுகுவலி, இப்போது தடிமன். முப்பது வருடமாக அந்த மனுசி இவருக்காகச் சொன்ன பொய்யெல்லாம் வரிசையில் வந்து நின்றன. இவர் அதற்கு ஒரு நன்றி சொன்னதில்லை. குகைக்குள் என்ன கண்டீர் என்றுகூடக் கேட்டதில்லை.

“எனக்குத் தடிமன் இல்லை,” என்றார் ஒலிவாங்கியில்.

மண்டபம் விளங்காமல் பார்த்தது.

“நான் உள்ளுக்குப் போகேல்லை. வாசல்லை நிண்டு பயந்து திரும்பினனான். பங்கருக்குப் பிறகு எனக்கு நிலத்துக்குக் கீழை ஏலாது. மெட்ரோவும் அதுதான். ஊர் பாக்கிற கதை இவ எனக்காகச் சொன்னது.”

“கிருபா, பலகை அடிச்சாச்சு,” என்று தலைவர் இரகசியமாகச் சொன்னார். ஒலிவாங்கி அதை எல்லோருக்கும் சொன்னது.

“இஞ்சேரும், வாரும்,” என்று கிருபானந்தன் மனைவியைக் கூப்பிட்டார். “அண்டைக்கு நான் கேக்கேல்லை. இப்ப கேக்கிறன். என்ன கண்டனீர்?”

“எனக்கென்ன கதைக்கத் தெரியும்,” என்றபடியே புஷ்பராணி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஒலிவாங்கியை அகப்பை பிடிப்பதுபோலப் பிடித்தார்.

“அந்த வழிகாட்டிப் பிள்ளை லைட்டைப் பக்கத்தாலை மெல்லக் கொண்டுபோனா. கல்லுப் புடைச்சுக்கொண்டு நிக்கிற இடம் மாட்டின்ரை வயிறாப் போச்சு. லைட் அசைய அது மூச்சு விட்டது. அங்காலை ரெண்டு மான். ஒண்டு மடங்கி இருக்குது, மற்றது குனிஞ்சு அதின்ரை நெத்தியை நக்குது. கீறினவன் மனுசியோடை சண்டை பிடிச்சிட்டு வந்து கீறியிருப்பான் எண்டு நினைச்சன்.” சிரிப்பு அடங்கும்வரை பொறுத்தார். “அவ்வளவு இருட்டுக்கை அவனும் பயந்துகொண்டுதான் போயிருப்பான். எனக்கு அழுகை வந்திட்டுது. இவருக்குச் சொல்லவேணும் எண்டு நினைச்சுக்கொண்டுதான் வந்தனான்.”

இருபது நிமிடம் கதைத்தார். யாரும் தூங்கவில்லை, தேநீர் ஆறியது. பட்டத்தை மாற்றக் கழகத்தின் யாப்பு விதிகளில் இடமில்லை என்பதால் தலைவர் பலகையையும் பொன்னாடையையும் கோமானுக்கே கொடுத்தார். எல்லோரும் புஷ்பராணிக்குக் கைதட்டினார்கள்.

வெளியே காற்று வெட்டியது. “அண்ணை, மெட்ரோவிலை வாறியளோ?” என்று வாயில் வந்த வழக்கத்தில் எமிலியானுஸ் கேட்டுவிட்டார்.

“இல்லைத் தம்பி, இவருக்கு ஊரைப்...” புஷ்பராணி பாதியில் நிறுத்தினார்.

“பயம் தம்பி,” என்றார் கிருபானந்தன். “நாங்கள் பஸ்ஸிலை போறம்.”

பஸ்ஸில் பொன்னாடை புஷ்பராணியின் கழுத்தைச் சுற்றிக் கிடந்தது. முதல்தடவையாக அது ஒரு வேலைக்கு உதவியது. பலகை இவர் மடியில் கவிழ்ந்திருந்தது.

“அந்த மான், மடங்கி இருந்தது, எந்தப் பக்கம் பாத்தது?” என்று கேட்டார்.

புஷ்பராணி சொல்லத் தொடங்கினார். லாசால் வரும்வரை சொன்னார். கிருபானந்தன் ஓம், ஓம் என்றபடி வந்தார்.