திரைக்கு இந்தப் பக்கத்துக் கன்றுகள்

சுந்தரவல்லிக்குப் பைன் மரத்தின் மேல் அப்படியொன்றும் காதல் கிடையாது. பள்ளிச் சுற்றுலாவில் கொடைக்கானலில் ஒரு முறை பார்த்ததோடு சரி. ஆனால் தாம்பரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த பிறகு, அறை நிறையப் பைன் கன்றுகளுக்கு அவள்தான் தாயும் தாதியும். வீட்டில் ஒரு துளசிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னால் முகத்தைச் சுளித்தவள் அவள்.

உலகம் சூடாகிக்கொண்டு வருகிறது என்று பேப்பர்களில் அவ்வப்போது எழுத ஆரம்பித்திருந்த தொண்ணூறுகள் அவை. மலையில் வெப்பம் ஏறினால் பைன் மரங்களைத் தாக்கும் பூஞ்சை நோயும் ஏறுமா? இதுதான் அவள் கேள்வி. இதற்காக இரண்டு அறைகள். ஒன்றில் ஏ.சி. போட்டு மலைக்குளிர், இன்னொன்றில் அதைவிடச் சில டிகிரி சூடு. இரண்டிலும் பாதிக் கன்றுகளுக்கு வேண்டுமென்றே நோயைக் கொடுத்து, பிளாஸ்டிக் திரைக்குப் பின்னால் வைத்திருந்தாள். அவளைத் தவிர யாரும் அங்கே போகக் கூடாது. திரைக்கு இந்தப் பக்கம் நோய் தொடாத நல்ல கன்றுகள். இவற்றோடு ஒப்பிட்டால்தான் அவற்றின் கதை தெரியும். இவை கெட்டால் ஆராய்ச்சியே அம்பேல்.

பொங்கல் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, இந்தப் பக்கத்துக் கன்றுகள் வெளிறி மஞ்சளாகத் தொடங்கின. சுந்தரவல்லி பேராசிரியரைக் கூப்பிட ஓடினாள்.

வழிகாட்டிப் பேராசிரியர் வேதசிரோமணி குனிந்து பார்த்தார். திட்டுகிற ஆள் இல்லை அவர். திட்டியிருந்தாலே தேவலை.

"நோய் இந்தப் பக்கம் வந்துடுச்சு போல இருக்கேம்மா. உள்ளே போயிட்டு வந்தா கை கழுவுறதானே?"

"கழுவுறேன் சார். ஒரு நாள்கூட விட்டதில்லை."

"இலையை எடுத்துக் கல்ச்சர் போட்டுப் பாரு. பூஞ்சை வளர்ந்தா மொத்தத்தையும் எரிச்சிட வேண்டியதுதான். ஸ்டைபெண்டை நீட்டுங்கன்னு இன்னொரு தடவை என்னால கேட்க முடியாது."

இரண்டு வருஷ உழைப்பு. அன்று மாலை ரயிலில் உட்கார்ந்தவள், குரோம்பேட்டையில் இறங்க மறந்து பல்லாவரம் போய்த் திரும்பினாள். கழுவியும் கழுவியும் கை தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டதே என்று தன் விரல்களையே வெறுப்போடு பார்த்துக்கொண்டாள்.

நறுக்கிய இலைகளைக் கண்ணாடித் தட்டுகளில், பூஞ்சை வளர்வதற்கான கூழின் மேல் வைத்தாள். தினமும் காலையில் பரீட்சை முடிவு பார்ப்பதுபோல் பயந்து பயந்து மூடி வழியே உள்ளே கவனித்தாள். ஒரு வாரம் போயிற்று. தட்டில் அந்தப் பூஞ்சையின் ஒரு நூல்கூட இல்லை.

நோய் இல்லை. அப்படியானால் இந்த மஞ்சள் எங்கிருந்து வந்தது?

ஒரு தொட்டியைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தாள். சுற்றிலும் வெள்ளையும் காவியுமாகப் பட்டை. போகியன்று தோட்டக்காரர் பொன்னுசாமி அடித்தது. அன்று அதைப் பார்த்து "லட்சணமா இருக்குண்ணா" என்று சொன்னவளும் அவள்தான். பொங்கலுக்குத் தொட்டி, மரம், மதில் எல்லாவற்றுக்கும் பட்டை அடிப்பது நம் ஊரில் புதிதா என்ன? தினமும் கண்ணில் பட்டது, மனசில் படவில்லை.

இன்றைக்குத்தான் மண்ணைப் பார்த்தாள். மேலே வெள்ளையாக ஏதோ படிந்து காய்ந்திருந்தது. நீர்த்த அமிலத்தை ஒரு சொட்டு விட்டாள். மண் சுர்ரென்று நுரைத்தது. சுண்ணாம்பு கலந்த மண்தான் அப்படி நுரைக்கும்.

பொன்னுசாமியைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, தொட்டிக்குள்ளே சுண்ணாம்பு ஊத்தினீங்களா?"

"ஆமாம்மா. பட்டை அட்சது போக மீந்துச்சு. எறும்பு அண்டாதுன்னு இந்தச் செடிங்களுக்குப் பிரிச்சு ஊத்தினேன். திரைக்கு அந்தாண்ட போகக் கூடாதுன்னு நீ சொன்னியே, அத்தொட்டு அந்தப் பக்கம் கையே வெக்கல." அவர் முகம் வாடியது. "இன்னாமா, எதுனா பேஜாராயிடுச்சா?"

பைன் புளிப்பு மண்ணில் வாழும் மரம், சுண்ணாம்பு அதற்கு ஆகவே ஆகாது. இதைப் பாடம் நடத்தும் நிலையில் அவள் இல்லை. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்ததில் பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"பேஜார் தீர்ந்துதுண்ணா. கொஞ்சம் புது மண்ணு கொண்டாங்க."

இருவருமாக மண்ணை மாற்றினார்கள். சித்திரை பிறந்தபோது கன்றுகளின் நுனியில் இளம்பச்சை துளிர்த்திருந்தது. சில போய்விட்டன. மிச்சமே ஒப்பிடப் போதும் என்று வேதசிரோமணி சொன்னார். சுந்தரவல்லி அன்று ரயிலில் சரியாகக் குரோம்பேட்டையில் இறங்கினாள்.

கோடை முடிவில் அவளும் வேதசிரோமணியும் திரையை விலக்கினார்கள். குளிர் அறையின் நோய்க் கன்றுகளில் பெரும்பாலானவை தாக்குப்பிடித்திருந்தன. சூட்டு அறையில் வரிசை வரிசையாகக் காய்ந்து நின்றன. அங்கேயே திரைக்கு இந்தப் பக்கம், அதே சூட்டில், நல்ல கன்றுகள் பச்சையாக இருந்தன. கொன்றது வெறும் சூடு இல்லை, சூட்டில் வேகம் பிடித்த பூஞ்சை. இனி யாரும் சந்தேகப்பட வழியில்லை.

அவளுக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. செத்த கன்றுகளுக்கு முன்னால் நின்றுகொண்டு இத்தனை சந்தோஷமா என்று வெட்கமாகவும் இருந்தது.

வேதசிரோமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்தத் தொட்டிகளுக்கு நடந்தது நாளைக்கு மலையிலும் நடந்தா? நல்ல சேதி இல்லையேம்மா இது."

"இல்லை சார்" என்றாள் சுந்தரவல்லி. "ஆனா முன்கூட்டியே சொல்லலாமே. அன்னிக்கு எல்லாத்தையும் எரிச்சிருந்தா அதுகூட நம்மகிட்ட இருந்திருக்காது."