குப்பைமேனிச் சாற்றின் வட்டம்

ஆய்வகத்துக்குள் நுழைந்த சின்னவள் கைப்பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. நேராகப் போய், கதகதப்பான பெட்டியிலிருந்து கண்ணாடித் தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். தட்டு முழுக்கக் கிருமி பாலாடைபோல் படர்ந்திருந்தது. குப்பைமேனிச் சாற்றில் நனைத்த காகிதப் பொட்டைச் சுற்றி மட்டும் பளிச்சென்று ஒரு வட்டம். அதற்குள் ஒரு கிருமிகூட அண்டவில்லை. சாறு இறக்கிய ஸ்பிரிட்டில் மட்டும் நனைத்த பொட்டைச் சுற்றி அப்படி வட்டமே இல்லை. ஆக, வேலை செய்தது இலைதான்.

"அடி சக்கை!" என்று கத்தியே விட்டாள்.

பின்னே, சும்மாவா? தாயில்லாத வீட்டுக்கு மருமகளாய் வந்து அவளை வளர்த்தவள் அண்ணி. இவளோ ஓரிடத்தில் கால் தரிக்காத வாலு. விழுந்து வாரிக்கொண்டு வந்தால் போதும், அண்ணி சுவரோரக் குப்பைமேனியைப் பறித்து, உப்பு வைத்துக் கசக்கி முழங்காலில் பிழிவாள். எரிச்சலில் உயிர் போகும். "கத்தாதடி, ஊரே கூடிடும்" என்று அதட்டிக்கொண்டே ஊதுவாளே, அந்த ஊதலுக்காகவே இன்னொரு தரம் விழலாம். எவ்வளவு நல்ல நாட்கள் அவை! அந்த இலையைச் சோதித்து அண்ணியிடம் காட்ட வேண்டும் என்பது பல வருட ஆசை.

வீட்டுக்குப் போகும் வழியில்தான் அண்ணியின் கால் நினைவுக்கு வந்தது. அண்ணிக்குச் சர்க்கரை. கால்விரலில் வந்த புண் ஆறவே இல்லை. இப்போது விரலே கறுக்கத் தொடங்கிவிட்டது. ஆஸ்பத்திரி என்றால், "என் இலை பாத்துக்கும்" என்று ஒரே பிடிவாதம். தட்டில் வளர்ந்த கிருமி வேறு, ரத்தம் ஓடாத கால் வேறு என்றால் காதில் ஏறுமா? இலை கிருமியைத் தடுத்தது என்ற முதல் பாதியைக் கேட்டதுமே குதிப்பாள். கடைசியில் காலையே எடுக்கும்படி ஆகிவிடும்.

அண்ணி கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கட்டுத் துணியில் பச்சை கசிந்திருந்தது.

"என்னடி ஆச்சு? என் இலை பாஸா, பெயிலா?"

சின்னவள் கைப்பையை இறக்கி வைத்தாள். "பெயில் அண்ணி. ஒரு கிருமியும் சாகல."

"அப்ப உன் முட்டி எப்படிடி ஆறுச்சு?"

"சின்னப் புள்ளைக்கு எல்லாம் தானா ஆறிடும் அண்ணி."

அண்ணியின் முகம் சுருங்கிப்போயிற்று. பிறகு கையை நீட்டி இவள் கன்னத்தைத் தடவினாள்.

"அப்ப உன்னை வீணாத்தான் அழ வெச்சேனா? மனசுல வெச்சுக்காதடி கண்ணு, எனக்குத் தெரியல."

சின்னவளுக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. வாயைத் திறந்தால் உண்மை கொட்டிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"சரி, வண்டியக் கூப்பிடு," என்றாள் அண்ணி. "ஆஸ்பத்திரிக்கே போவோம்."