தட்டிப் பார்க்காத கூரை

கோலார் தங்கவயலில் இருபத்திரண்டு வருஷம் சுரங்கத்துக்குள் இறங்கி ஏறிய சண்முகத்துக்குக் குகை என்றால் பயம். சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை. பாறை வெடித்துப் பக்கத்தில் நின்ற கூட்டாளி நசுங்கிய நாளிலிருந்து, தலைக்கு மேல் கல் இருந்தால் அவருக்குக் கால் எழும்பாது. சுரங்கத்தை மூடியபோது எல்லோரும் அழுதார்கள். அவர் மட்டும் நிம்மதியாகப் பெங்களூர்த் தொம்மலூருக்குக் குடிவந்து, பொம்மசந்திராவில் ஒரு கம்பெனி வாசலில் காவலுக்கு நின்றார்.

விதி விட்டால்தானே? ஆனேக்கல் பக்கம் கைவிடப்பட்ட ஒரு கல்குவாரியில், தங்கவயல் பௌத்தர்கள் சேர்ந்து அஜந்தா மாதிரி ஒரு குகை விகாரை குடைந்தார்கள். புத்த பூர்ணிமைக்குள் சுவரும் கூரையும் ஓவியத்தால் நிரம்பியாக வேண்டும். வரையப் போகிறவர்களில் ஓவியக் கல்லூரியில் படிக்கும் அவருடைய ஒரே மகள் தீபிகாவும் ஒருத்தி. "நம்ம சண்முகம் இருக்கச்சே வேற இன்ஜினியரு எதுக்கு?" என்று சங்கச் செயலாளர் சுந்தரமூர்த்தி கூரையைச் சோதிக்கும் வேலையை அவர் தலையில் கட்டினார்.

சுரங்கத்தில் கூரையைக் கம்பியால் தட்டித்தான் பார்ப்பார்கள். கணீரென்று கேட்டால் பாறை உறுதி. பொத்தென்று கேட்டால் உள்ளே பாறை பிளந்து விட்டுப்போயிருக்கிறது, ஓடிவிட வேண்டும். சண்முகம் நீளக் கம்பியோடு போனார், வாசல் கல்லை நாலு தட்டு தட்டினார். உள்ளே இருட்டைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். "கெட்டியா இருக்குது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். அனுபவஸ்தர் வாக்குக்கு யார் மறுபேச்சு பேசுவார்கள்?

மூன்று வாரம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பும்போது தீபிகா அலுத்துக்கொண்டாள்.

"அந்தக் காலத்துல செஞ்சாப்பலயே களிமண்ணு, உமி, சாணி எல்லாம் கலந்து பூசுறோம்பா. எல்லா இடத்துலயும் ஜம்முனு நிக்குது. போதிசத்துவர் தலைக்கு மேல, கூரையில மட்டும் ஒரே கோடா வெடிச்சுக்கினே இருக்குது. தினம் அடைக்கிறேன், தினம் வெடிக்குது."

அவள் பஸ் ஏறிப் போய்விட்டாள். சண்முகம் கையிலெடுத்த இட்லியைத் தட்டிலேயே வைத்தார். சந்தேகமான பாறையில் களிமண்ணை அப்பி வைப்பது அவர் வேலை செய்த சுரங்கத்தில் வழக்கம். மண் பிளந்தால் மேலே பாறை நகர்கிறது என்று அர்த்தம். பெற்ற மகள் தன் தலையைப் பாறைக்குக் கீழே வைத்துக்கொண்டு, தெரியாமலேயே தினமும் அந்தச் சோதனையைச் செய்துகொண்டிருக்கிறாள்! கம்பியைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்கு ஓடினார்.

குகை வாசலில் நின்று, "தீபிகா, வெளிய வா!" என்று கத்தினார். சாரத்தின் மேல் நின்று போதிசத்துவருக்கு நேர் மேலே கூரைத் தாமரைக்கு வண்ணம் வைத்துக்கொண்டிருந்தவள் திரும்பவில்லை. சுந்தரமூர்த்திதான் சிரித்தார்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயாம். நீதானேபா கெட்டியா இருக்குதுன்னு சொன்னே?"

வேறு வழியில்லை. சண்முகம் உள்ளே நுழைந்தார். கண்ணை மூடினால் கூட்டாளியின் கை மட்டும் கல்லுக்கு வெளியே தெரிந்தது. சுவரைப் பிடித்துப் பிடித்துச் சாரத்தடிக்குப் போய், கம்பியை உயர்த்தித் தட்டினார். பொத்தென்று கேட்டது.

"இறங்கும்மா."

"ஒரே ஒரு இதழ்தான்பா. நீயே பாத்துச் சொன்ன பாறைதானே?"

"பாக்கல." அவர் கம்பியைக் கீழே இறக்கினார். "அன்னிக்கு நான் உள்ளயே வரலம்மா. பயந்துட்டேன். பொய் சொல்லிட்டேன்."

தீபிகா தூரிகையைக் கீழே வைத்தாள். சாரத்திலிருந்து இறங்கினாள். சுந்தரமூர்த்திக்குச் சிரிப்பு போய்விட்டது. மற்றவர்களை அவரே விரட்டி வெளியேற்றினார்.

கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. யாரோ முணுமுணுக்கத் தொடங்கினார்கள். அப்போதுதான் உள்ளே இடி இறங்கியது. வாசல் வழியே புழுதி பொங்கி வந்தது. அது அடங்கியபோது சாரம் இருந்த இடத்தில் வீட்டுக் கதவு அகலத்துக்கு ஒரு பாறை கிடந்தது.

சண்முகம் மகளின் கையைப் பற்றிக்கொண்டார். "தப்பிச்சுட்டோம்மா!"

அவள் கையை மெல்ல உருவிக்கொண்டாள்.

"மூணு வாரமா அதுக்குக் கீழதாம்பா நின்னுக்கினு இருந்தேன்."